லாகோஸில் ஓர் ஆஃப்ரோபீட் இரவு: நியூ ஆஃப்ரிகா ஷ்ரைனுக்குச் செல்வோருக்கு முழுமையான வழிகாட்டி

ஆப்பிரிக்க இசை என்று பொதுப்பெயரிட்டு அழைக்கத்தக்க ஒன்று உண்மையில் கிடையாது. டக்காரில் ம்பலாக்ஸ், கின்ஷாசாவில் ரும்பா, சான்சிபாரில் தாராப், அக்ராவில் ஹைலைஃப் என்று ஊருக்கு ஊர் இசையும் ஆட்டமும் மாறுகின்றன. ஆகவே, ‘ஆப்பிரிக்க இசையையும் நடனத்தையும் ஓர் இரவு முழுக்க அனுபவிக்க வேண்டும்’ என்று யாராவது கேட்டால், எந்த ஊர், எந்த அரங்கு என்று முடிவு செய்வதே முதல் படி. என் பரிந்துரை நைஜீரியாவின் லாகோஸ் நகரம்; அதிலும் இகேஜா பகுதியின் அகிடிங்பியில் இருக்கும் நியூ ஆஃப்ரிகா ஷ்ரைன் என்ற ஆஃப்ரோபீட் இசையரங்கு. வேலை நிமித்தமாக லாகோஸுக்கு வரும் தமிழர்கள் பெரும்பாலும் அலுவலகம், விருந்தினர் விடுதி, விமான நிலையம் என்ற முக்கோணத்துக்குள் நாட்களைக் கழித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்களில் சிலரை இந்த அரங்குக்கு அழைத்துச் சென்ற பழக்கத்தில்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

என் முதல் வருகை தோல்வியில் முடிந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னைக் கச்சேரிப் பழக்கத்தில் மாலை ஏழரை மணிக்கே போய் உட்கார்ந்து, காலி நாற்காலிகளையும் ஒலிபெருக்கியில் ஓடிய பதிவுப் பாடல்களையும் பார்த்தும் கேட்டும் சலித்து, நிகழ்ச்சி இல்லை போலும் என்று நானாகவே முடிவு கட்டிப் பத்து மணிக்கு எழுந்து வந்துவிட்டேன். நான் படுக்கப்போன நேரத்தில்தான் அங்கே இசைக்குழு மேடையேறியதாக மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த இரவை எப்போதும் பின்னிருந்து முன்னாகத் திட்டமிட வேண்டும். இசை உச்சம் தொடும் நேரத்தை முதலில் நினைத்துக்கொண்டு, தூக்கம், சாப்பாடு, பயணம் ஆகிய எல்லாவற்றையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆஃப்ரோபீட் ஒரே மனிதரின் பெயரோடு பிணைந்த இசை. 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று அபேயொகுட்டாவில் பிறந்த ஃபெலா குட்டி, 1958-இல் லண்டன் சென்று டிரினிட்டி இசைக் கல்லூரியில் பயின்றார். ஊர் திரும்பி ஹைலைஃபையும் ஜாஸையும் கலந்து வாசித்தார். 1969-இல் அமெரிக்கா சென்றபோது அங்கிருந்த கறுப்பின உரிமை இயக்கத்தின் சிந்தனைகளை உள்வாங்கித் திரும்பினார். 1964-இல் அவரோடு சேர்ந்த டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலனின் கைவண்ணமும், நைஜீரியாவின் யொருபா மக்களின் தாளங்களும், அமெரிக்க ஃபங்க் இசையும் சேர்ந்து உருவானதே ஆஃப்ரோபீட். இன்று உலகமெங்கும் ஒலிக்கும் நைஜீரியப் பாப் இசைக்கு ஆஃப்ரோபீட்ஸ் என்று பெயர். ஓர் எழுத்துதான் வேறுபாடு என்றாலும் இரண்டும் வெவ்வேறு. முன்னதை எதிர்பார்த்துப் பின்னதற்குப் போனாலும், பின்னதை எதிர்பார்த்து முன்னதற்குப் போனாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

ஃபெலாவின் இசை அரசியல் இசை. இராணுவத்தினர் சொன்னதைச் செய்யும் நடைப்பிணங்கள் என்று ‘சோம்பி’ பாடலில் அவர் பகடி செய்ததைத் தொடர்ந்து, 1977 பிப்ரவரி 18 அன்று படைவீரர்கள் அவருடைய குடியிருப்பை எரித்தனர். அவருடைய தாயாரும் பெண்ணுரிமைப் போராளியுமான ஃபன்மிலாயோ ரான்சம் குட்டி சன்னல் வழியே தூக்கி எறியப்பட்டு, அந்தக் காயங்களின் விளைவாக அடுத்த ஆண்டு மறைந்தார். அந்தக் குடியிருப்புக்கு ஃபெலா இட்ட பெயர் கலகூட்டா குடியரசு. தாம் அடைபட்டிருந்த சிறைக் கொட்டடியைக் கைதிகள் அழைத்த பெயரையே அவர் தம் வீட்டுக்குச் சூட்டினார். அந்தப் பெயரின் மூலம் நம் கல்கத்தா. ஃபெலா 1997 ஆகஸ்ட் 2 அன்று காலமானார். அவர் கச்சேரி நடத்திவந்த ஷ்ரைன் என்ற பழைய அரங்கு கைவிட்டுப் போன பிறகு, மகன் ஃபெமியும் மகள் யெனியும் 2000-ஆம் ஆண்டில் கட்டித் திறந்ததே இப்போதைய அரங்கு. ‘நியூ’ என்ற அடைமொழி அதனால் வந்தது. இளம் வயதில் நைஜீரியாவில் பணியாற்றியபோது இங்கு வந்துபோன பிரான்சு நாட்டு எம்மானுவேல் மக்ரோன், 2018 ஜூலையில் அதிபராக மீண்டும் வந்தார்.

எந்த இரவு

பல ஆண்டுகளாக இங்கே இரண்டு இரவுகள் முக்கியமானவை. வியாழக்கிழமை இரவு ஃபெமி குட்டியும் அவருடைய பாசிட்டிவ் ஃபோர்ஸ் குழுவும் பொதுமக்கள் முன்னிலையிலேயே ஒத்திகை பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு முழுக் கச்சேரி. குழு வெளிநாடுகளுக்குச் சுற்றுப்பயணம் சென்றுவிடும் மாதங்களும் உண்டு என்பதால், அரங்கின் சமூக ஊடகப் பக்கத்தை அந்த வாரமே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபெமியின் மகன் மாடே, இளைய சகோதரர் ஷேவுன் ஆகியோர் வாசிக்கும் நாட்கள் அமைந்தால் அது கூடுதல் பேறு. தந்தையின் ஈஜிப்ட் 80 குழுவை வழிநடத்துபவர் ஷேவுன்தான்.

இசையை நுணுக்கமாகக் கேட்க விரும்புகிறவருக்கு நான் வியாழனையே சொல்வேன். ஒரு பகுதி சரியாக வராவிட்டால் ஃபெமி கையைக் காட்டிக் குழுவை நிறுத்தி, ஊதுகருவிக்காரர்களை மட்டும் வாசிக்கச் சொல்லி, மறுபடி தொடங்குவதை அன்று பார்க்கலாம். ஒரு பாடல் எந்தெந்த உறுப்புகளால் ஆனது என்பது அப்போது கண்முன்னே விரியும். ஆட வேண்டும், கூட்டத்தோடு கரைய வேண்டும் என்பவர் ஞாயிறன்று செல்லலாம். சாலை நெரிசலும் அன்று குறைவு. ஃபெலாவின் பிறந்தநாளையொட்டி ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஃபெலப்ரேஷன் வாரத்தை மட்டும் முதல்முறை வருவோர் தவிர்ப்பது நல்லது. அப்போது திரளும் கூட்டத்தில் மேடையைப் பார்ப்பதே அரிது.

பகலில் செய்ய வேண்டியது

அன்றைய பிற்பகலில் இகேஜாவிலேயே க்பெமிசோலா தெருவிலுள்ள கலகூட்டா அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிடுங்கள். ஃபெலா தம் பிற்காலத்தில் வாழ்ந்த அந்த வீடு 2012-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அவருடைய சமாதியும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. படுக்கையறை, சாக்ஸபோன், வரிசையாக வைத்த காலணிகள், சட்டகத்துக்குள் மாட்டிய உள்ளாடைகள்கூட உண்டு. வீட்டில் அவர் பெரும்பாலும் அதை மட்டுமே அணிந்திருந்தார் என்பதால் அது அங்கே வேடிக்கையன்று, ஆவணமே. 1978-இல் அவர் ஒரே சடங்கில் 27 பெண்களை மணந்ததைப் பற்றியும் அங்கே கேட்பீர்கள். அவர்கள் பெரும்பாலும் அவருடைய பாடகியரும் ஆடற்பெண்டிரும் ஆவர். இரவில் நீங்கள் பார்க்கப்போகும் ஆட்டமுறை அவர்கள் வளர்த்தது. வழிகாட்டிகள் அந்தத் திருமணங்களைப் பெருமையாகவே விவரிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெண்களின் உழைப்பில் எழுந்த இசைக்கு ஓர் ஆணின் பெயர் மட்டும் நின்றுவிட்டது என்ற உறுத்தலோடுதான் ஒவ்வொரு முறையும் அங்கிருந்து வெளியே வருகிறேன்.

அதன்பின் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரமாவது தூங்குங்கள். தவிர்க்கவே கூடாத படி இதுதான்.

பயணமும் தங்குமிடமும்

விக்டோரியா ஐலண்ட், இகோயி, லெக்கி போன்ற இடங்களில் தங்கியிருப்போர் ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள தேர்டு மெயின்லேண்ட் பாலத்தைக் கடந்து வர வேண்டும். வார நாட்களின் மாலையில் அந்தப் பாதையில் ‘கோ ஸ்லோ’வில் சிக்கினால் (போக்குவரத்து நெரிசலுக்கு லாகோஸ் மக்கள் வைத்திருக்கும் பெயர் அது) இரண்டு, மூன்று மணி நேரம் போவது இயல்பு. அந்த ஓர் இரவுக்கு மட்டும் இகேஜாவில் அறை எடுப்பதே அறிவுடைமை. அதிகாலையில் பாலத்தைக் கடக்கும் தேவையும் அப்போது இராது. செயலி வழியாக வாடகை வண்டி பிடியுங்கள். ஏறும் முன் வண்டி எண்ணைச் சரிபாருங்கள். ஓட்டுநரிடம் ‘ஷ்ரைன்’ என்று மட்டும் சொன்னால் போதும், முகவரி கேட்க மாட்டார். மூன்று, நான்கு பேராகச் செல்வதும், உள்ளூர் நண்பர் ஒருவர் உடன் இருப்பதும் நல்லது. கடவுச்சீட்டை அறையில் வைத்துவிட்டு அதன் நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். கனத்த நகைகளும் வேண்டாம்.

சாப்பாடு

ஒன்பது மணியளவில் வயிற்றை அரைகுறையாக நிரப்பிக்கொள்ளுங்கள். முழுவயிற்றோடு ஆட முடியாது. அசைவம் உண்போர்க்குச் சூயாவை மிஞ்ச எதுவுமில்லை. மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகளைக் குச்சியில் கோத்து, வேர்க்கடலைப் பிண்ணாக்கு, இஞ்சி, மிளகாய் ஆகியவற்றை இடித்த யாஜிப் பொடியில் புரட்டி, தணலில் வாட்டி, வெங்காயமும் தக்காளியும் அரிந்து போட்டுச் செய்தித்தாளில் மடித்துத் தருவார்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்குக் கோழிச் சூயாவும் சில கடைகளில் கிடைக்கும். சைவர்களுக்கு வழி சற்றுக் குறுகியது. தட்டைப்பயறு மாவில் சுட்ட அகரா நம் வடைக்கு உறவுக்காரன் போலவே இருக்கும். நேந்திரம் போன்ற பெரிய வாழைக்காயைச் சுட்டால் போலி, பழத்தைப் பொரித்தால் டோடோ. தக்காளியில் சமைக்கும் ஜொலொஃப் சோற்றில் இறைச்சித் துண்டு தெரியாவிட்டாலும் இறைச்சிச் சாற்றில் வேகவைத்திருக்கக்கூடும் என்பதால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். குடிப்பதற்குப் புளிச்சைக் குடும்பத்துச் செடியின் சிவந்த இதழ்களைக் கொதிக்கவைத்து ஆற்றிய சோபோ அருமையானது.

உள்ளே நுழைந்ததும்

கட்டடத்தைப் பார்த்துப் பெரிதாக வியக்க எதுவுமில்லை. தகரக் கூரை வேய்ந்த பெரிய கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரெங்கும் ஃபெலாவின் உருவங்களும் குவாமே என்க்ரூமா போன்ற ஆப்பிரிக்கத் தலைவர்களின் படங்களும், பக்கங்களில் நடனப்பெண்கள் நின்று ஆடும் உயரமான கூண்டு மேடைகள். ஷ்ரைன் என்றால் வழிபாட்டிடம். ஃபெலா தம் கச்சேரிகளினூடே மூதாதையருக்கு வழிபாடு நடத்தியவர். அந்த நினைவில், இடத்துக்குரிய ஒரு மரியாதை இன்றும் காக்கப்படுகிறது. பெரியவர்கள் யாரேனும் எதிர்ப்பட்டால் ‘எ காலே’ என்று மாலை வணக்கம் சொல்லுங்கள். யொருபா மக்களிடத்தில் வயதுக்குத் தரும் மரியாதை நம் ஊரைப் போன்றே கறாரானது.

மேடைக்கு நேர் எதிரே, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, ஒலிபெருக்கிக்கு முன்னால் அல்லாமல் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் நடுவே இடம் பிடியுங்கள். காதுக்குப் பஞ்சு கொண்டுபோவது வெட்கப்படத்தக்கது அன்று.

கேட்கும் முறை

நம்மவர் பலர் தடுமாறுவது இங்கேதான். பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருக்கும் காதோடு உட்கார்ந்தால் ஆஃப்ரோபீட் பெருஞ்சலிப்பாக இருக்கும், ஏனெனில் பாடகரின் குரல் நெடுநேரம் கழித்தே வரும். ஃபெலாவின் பாடல்களில் 10 நிமிடத்துக்குக் குறைந்தவை அரிது. 20 நிமிடங்களைத் தாண்டியவையும் உண்டு. இசைத்தட்டில் பதிவான பாடலை மேடையில் மீண்டும் வாசிக்க மறுத்த பிடிவாதமும் அவருக்கு இருந்தது. ஃபெமியின் பாடல்கள் சுருக்கமானவை, வேகமும் கூடியவை. ஆயினும் மேடையில் அவையும் நீளும்.

ஆகவே கீழிருந்து மேலாகக் கேளுங்கள். முதல் சில நிமிடங்களுக்கு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இரண்டு குச்சிகள் மோதும் ஒலியையும் ஷெகெரேயையும் மட்டும் பின்தொடருங்கள். ஷெகெரே என்பது காய்ந்த சுரைக்குடுவையின் மேல் மணிகள் கோத்த வலையைப் போர்த்திய கருவி. வாசிப்பவர் குடுவையை ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தட்டி எறிகிறார். குடுவை நின்றுவிடுகிறது, ஆனால் வலை நிற்காமல் சரிந்து இறங்கி ‘சர்ர்’ என்று உரசுகிறது. தட்டும் ஒலிக்கும் உரசும் ஒலிக்கும் இடையே ஒரு மயிரிழைத் தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தைக் காது பிடித்துவிட்டால் இடுப்பு தானே அசையத் தொடங்கும்.

அடுத்து கிட்டார்கள். ஒன்று சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை (கார்டுகளை) வெட்டி வெட்டி மீட்ட, மற்றொன்று, ‘டெனர் கிட்டார்’ என்று குழுவினர் சொல்வது, ஐந்தாறு சுரங்களே கொண்ட சிறு துண்டைத் தறியில் ஓடும் நாடாவைப் போல் மாறாமல் மீட்டிக்கொண்டே இருக்கும். பேஸ் கிட்டார் வாசிப்பதைவிட வாசிக்காமல் விடும் இடங்களைக் கவனியுங்கள். டிரம்ஸில் டோனி ஆலன் ஏற்படுத்திய வழி இன்றும் தொடர்கிறது: இரு கைகளும் இரு கால்களும் நான்கு தனி மனிதர்கள் பேசிக்கொள்வதுபோல் வெவ்வேறு வரிகளை வாசிக்கும், சம்மட்டி அடிபோல் ஒரே இடத்தில் விழும் அடியைத் தேடினால் கிடைக்காது. ஆதி தாளத்தில் ஊறிய காது ஒரு தீர்மானத்தை, ஒரு கோர்வை வந்து தாளச் சுற்றின் தொடக்க அடியான சமத்தில் விழும் நிம்மதியை எதிர்பார்க்கும். இங்கே அந்த நிம்மதி வேண்டுமென்றே தரப்படுவதில்லை. சுழற்சி முடிவதே இல்லை என்பதில்தான் இந்த இசையின் பிடி இருக்கிறது.

இவ்வளவும் நிலைபெற்ற பிறகே ஊதுகருவிகள் ஒட்டுமொத்தமாக எழும். அடித்தொண்டையில் உறுமும் பாரிட்டோன் சாக்ஸபோனை உடலால்தான் கேட்க வேண்டும், நெஞ்செலும்பு அதிரும். பின்னர் தனி வாசிப்புகள். அதற்கும் பிறகு குரல். முதன்மைப் பாடகர் ஒரு வரியை எறிய, பெண்கள் குழு அதைப் பிடித்துத் திருப்பி எறியும்; வில்லுப்பாட்டில் ‘ஆமாம்’ போட்டுப் பழகிய நமக்கு இதில் அந்நியம் எதுவுமில்லை. பாடுவது பிட்ஜின் எனப்படும் உள்ளூர்க் கலப்பு ஆங்கிலத்திலும் யொருபாவிலும். மேடையிலிருந்து ‘எவ்ரிபடி சே யே யே’ என்று அழைப்பு வந்தால் நீங்களும் ‘யே யே’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு புன்னகைப்பது அங்கே நாகரிகம் ஆகாது. ஃபெமி சாக்ஸபோனை விட்டு டிரம்பெட்டுக்கும் அதைவிட்டு ஆர்கனுக்கும் தாவுவார். மூச்சை இடையறாது சுழற்றி ஒரே சுரத்தை நீட்டிப் பிடிப்பதில் அவர் தேர்ந்தவர். 2017-இல் இதே மேடையில் 51 நிமிடங்களுக்கு மேல் பிடித்திருந்தார்.

ஆடும் முறை

ஆடத் தெரியாது என்று சொல்லி ஒதுங்குவோர்க்கு ஒரு வழி சொல்கிறேன். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, பாதம் முழுவதும் தரையில் பதிய நில்லுங்கள். முழங்கால்களை நன்றாகத் தளர்த்தி, நாற்று நடக் குனிபவர்போல் மார்பைச் சற்று முன்னே சாயுங்கள். எடையை ஒரு குதிகாலிலிருந்து மறு குதிகாலுக்கு ஷெகெரேயின் உரசலோடு மாற்றிக்கொண்டே இருங்கள்; கைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அவை தாமே வழி கண்டுகொள்ளும். குதிக்க வேண்டாம். பாங்க்ராவிலும் நம் குத்தாட்டத்திலும் உடல் மேல்நோக்கி எழும்; இங்கே உடல் மண்ணை நோக்கி இறங்குகிறது. ஐந்து நிமிடம் குதித்தவர் களைத்து உட்கார்ந்துவிடுவார். தாழ்ந்து ஆடுபவர் இரண்டு மணி வரை ஆடுவார்.

கூண்டு மேடைகளில் ஆடும் பெண்களின் இடுப்பசைவு பார்ப்பதற்குக் கட்டற்றதாகத் தோன்றும். சற்று உற்றுப் பார்த்தால், இடுப்பு கொங்கா முரசின் வரியையும் பாதம் குச்சியொலியின் வரியையும் தனித்தனியே பிடித்திருப்பது விளங்கும். ஒரே உடலில் இரண்டு கருவிகளை வாசிக்கும் தேர்ச்சி அது. அவர்கள் பயிற்சி பெற்ற கலைஞர்கள். முறைத்துப் பார்ப்பதும், கை நீட்டுவதும், கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோவதும் உங்களை வெளியேற்றக்கூடிய செயல்கள். அருகில் ஆடும் யாரேனும் உங்களை ஆட அழைத்தால் ஒரு பாடலுக்கு ஆடுங்கள். வேண்டாமெனில் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும்.

ஒருமுறை வேறோர் அரங்கில், பாடலின் நடுவே மின்சாரம் போனது. கிட்டார்களும் குரல்களும் மறைந்தன, ஆனால் ஷெகெரேயும் முரசுகளும் நிற்கவில்லை. இருட்டில் ஒருவர்கூட ஆட்டத்தை விடவில்லை. ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்தபோது பேஸ் கிட்டார்க்காரர் விட்ட இடத்தைத் தேடாமல், தாளம் அப்போது எங்கே வந்து நின்றதோ அங்கேயே வந்து சேர்ந்துகொண்டார். ஆஃப்ரோபீட்டில் எது அடித்தளம் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பணம், புகை

யொருபா விருந்துகளில் ஆடுபவர் நெற்றியில் நைரா நோட்டுகளை ஒட்டிப் பொழிவது பெருவழக்கம். நாதஸ்வரக்காரர் சட்டையில் நோட்டுக் குத்திய நம் திருவிழாக்களை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் 2007-ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டப்படி அவ்வாறு நோட்டைப் பொழிவதும், ஆடும்போது அதை மிதிப்பதும் குற்றம். குறைந்தது ஆறு மாதச் சிறையோ 50,000 நைரா தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். 2024-இல் இதற்காகவே புகழ்பெற்ற ஒருவர் சிறை சென்றார். யாருக்காவது அன்பளிப்புத் தர விரும்பினால் மடித்துக் கையில் கொடுங்கள். கஞ்சாப் புகையின் வாடை அரங்கில் தட்டுப்படலாம். நைஜீரியச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. வெளிநாட்டவர் ஒதுங்கியிருப்பதே சரி.

திரும்புதல்

இசை அடங்க அதிகாலை இரண்டு மணி ஆகலாம். கூட்டம் ஒரே நேரத்தில் வெளியேறும்போது வண்டி கிடைக்காது, கட்டணமும் ஏறியிருக்கும். கடைசிப் பாடல் முடிந்ததும் ஓடாமல், தண்ணீர் வாங்கிக்கொண்டு உள்ளேயே அரைமணி நேரம் உட்காருங்கள். வண்டி வாசலுக்கு வந்துவிட்டது என்று ஓட்டுநர் அழைத்த பிறகு எழுந்தால் போதும், சாலையில் நின்று காத்திருக்க வேண்டாம். அந்த அரைமணியில் மேடையில் கம்பிகளைச் சுருட்டுவார்கள். ஒருவர் சாக்ஸபோனின் வாய்ப்பகுதியைக் கழற்றி உதறித் துடைத்துப் பெட்டியில் வைப்பார். நாற்காலிகளை அடுக்கும் பையன் ஒவ்வொன்றையும் அடுக்கின் மேல் போடும்போது, இரண்டு மணி நேரம் முன்பு குச்சிகள் தட்டிய அதே தாளத்தில் விரலால் அதன் முதுகைத் தட்டிவிட்டு அடுத்ததை எடுக்கப் போவான்.